நகரத்துக்கு ஒரு வரப்பு

சாலை போடுவது ஓர் இலாகா. பஸ் விடுவது இன்னோர் இலாகா. வயலை மனையாகப் பிரிக்க அனுமதி கொடுப்பது மூன்றாவது இலாகா. மூன்றும் தனித்தனிக் கட்டடங்களில் இருந்தாலும், மூன்றின் முடிவும் கடைசியில் வந்து விழுவது ஒரே வயலில்தான். சாலை வந்தால் நிலத்தின் விலை ஏறுகிறது. விலை ஏறினால் உழுவதைவிட விற்பது லாபம் என்று ஆகிவிடுகிறது. ஒருவர் விற்றுவிட்டால் பக்கத்து வயல்காரருக்கு வண்டிப் பாதை போகிறது, வடிகால் போகிறது, பிறகு அவருக்கும் விற்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகிறது.

சாலை, ரயில், நிலம் ஆகிய மூன்றைப் பற்றிய திட்டங்களையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்து, அந்த மேஜையில் ஜனங்களே தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களை உட்கார வைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த போர்ட்லண்ட் நகரப் பகுதி 1979 முதல் இதைச் செய்து பார்த்து வருகிறது. அங்கு நகரைச் சுற்றி வயல்வரப்பைப் போல ஒரு எல்லைக்கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு உள்ளே நகரம். வெளியே விவசாயமும் காடும். இந்தக் கோட்டினால் விளைநிலம் தப்பியது எப்படி, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது விவசாயிகள் கவனிக்கத்தக்க விஷயம்.

வெள்ளம் கொண்டுவந்த மண்

போர்ட்லண்டிலிருந்து தெற்கே சுமார் 150 மைல் நீளத்துக்கு வில்லாமெட் ஆற்றின் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. பனியுகத்தின் கடைசிக் கட்டத்தில், வெகுதூரத்தில் மாண்டானா பக்கத்தில் பனிக்கட்டி அணை போட்டு நின்ற ஒரு பெரிய ஏரி பலமுறை உடைத்துக்கொண்டு ஓடியது. அந்த வெள்ளங்கள் வழியெல்லாம் அரித்து வந்த வண்டலை இந்தப் பள்ளத்தாக்கில் படிய வைத்துவிட்டுப் போயின. சமதளமான நிலம், ஆழமான மண், மழைக்குப் பஞ்சமில்லாத குளிர்காலம், வறண்ட கோடைகாலம். 1840களில் கிழக்கிலிருந்து மாட்டு வண்டிகளில் குடியேறியவர்கள் இரண்டாயிரம் மைல் தாண்டி வந்ததற்கு இந்த மண்தான் காரணம்.

இன்றைக்கு அங்கு விளைவனவற்றில் பல நமது வாசகர்களுக்குப் புதியவை. புல்வெளி போடுவதற்கான புல் விதை ஒரு பெரும் பணப்பயிர். அமெரிக்காவில் விளையும் ஹேசல் கொட்டை கிட்டத்தட்ட முழுவதும் ஒரிகனில் விளைவதே. மரக்கன்று, பூஞ்செடி நாற்றுப் பண்ணைகளின் வரும்படிதான் ஒரிகன் விவசாயத்தில் பல ஆண்டுகளாக முதல் வரிசையில் நிற்கிறது. இவற்றோடு திராட்சை, பெர்ரிப் பழங்கள், ஹாப்ஸ், கோதுமை, குளோவர் ஆகியவையும் உண்டு.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரிகன் ஜனத்தொகையில் பெரும்பகுதி வசிப்பதும் இதே பள்ளத்தாக்கில்தான். பயிருக்கு உகந்த சமதளம் வீடு கட்டவும் உகந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு கார்கள் பெருகின, நெடுஞ்சாலைகள் வந்தன, நகரத்தில் வேலை பார்ப்பவர் இருபது மைல் தள்ளி வீடு கட்டிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. பண்ணைகளுக்கு நடுவே திட்டுத்திட்டாக வீட்டு மனைகள் முளைத்தன.

பால் பண்ணைக்காரர் கொண்டுவந்த சட்டம்

இதைக் கண்டு முதலில் குரல் எழுப்பியவர்களில் ஒருவர் ஹெக்டர் மக்பெர்சன். லின் மாவட்டத்தில் பால் பண்ணை வைத்திருந்தவர். மாவட்டத் திட்டக் குழுவில் இருந்து, பண்ணைகளுக்கு இடையே குடியிருப்புகள் நுழைவதை நேரில் கண்டவர். குடிவந்தவர்களுக்கு எருவின் நாற்றம் பிடிக்கவில்லை. விடியற்காலையில் டிராக்டர் ஓடுவது பிடிக்கவில்லை. பூச்சிமருந்து தெளிப்பது பிடிக்கவில்லை. பண்ணைக்காரரோ தம் பாட்டன் காலத்திலிருந்து செய்த காரியத்தையே செய்துகொண்டிருந்தார்.

1970ல் மக்பெர்சன் மாநில செனட்டுக்குத் தேர்தலில் ஜயித்தார். நிலப் பயன்பாட்டைப் பற்றி ஆராயச் சட்டசபைக் குழு அமைக்கும்படி கேட்டார், மறுத்துவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. கவர்னர் டாம் மக்கால் அலுவலகத்தின் உதவியுடன் தாமே ஒரு குழுவைக் கூட்டி மசோதாவைத் தயாரித்தார். மக்பெர்சனும் மக்காலும் ரிபப்ளிகன் கட்சியினர். சபையில் மசோதாவை நடத்திச் சென்ற செனட்டர் டெட் ஹாலக் போர்ட்லண்ட் நகரத்துக்காரர், டெமாக்ரடிக் கட்சியைச் சேர்ந்தவர். கட்சியும் ஊரும் வேறாக இருந்தும் இந்த விஷயத்தில் ஒன்று சேர்ந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 1973 மே மாதம் மக்கால் கையெழுத்திட்டுச் சட்டமாக்கினார். 'செனட் மசோதா 100' என்ற பெயரிலேயே இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

சட்டத்தின் சாரம் இதுதான். மாநிலம் சில குறிக்கோள்களை வகுக்கும்; அவை இன்று மொத்தம் 19. மூன்றாவது குறிக்கோள் விளைநிலத்தைக் காப்பது. பன்னிரண்டாவது போக்குவரத்து. பதினான்காவது நகர வளர்ச்சி. ஒவ்வொரு நகரமும் மாவட்டமும் இந்தக் குறிக்கோள்களுக்கு ஒத்துவரும் திட்டத்தைத் தாமே தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஒரு வளர்ச்சி எல்லை போட்டுக்கொள்ள வேண்டும்.

எது விளைநிலம் என்பதை மனிதர்களின் விருப்பத்துக்கு விடாமல் மண்ணைக் கொண்டே தீர்மானித்தார்கள். அமெரிக்க மண் ஆய்வாளர்கள் நிலத்தை அதன் தகுதிப்படி எட்டு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பு எதையும் விளைவிக்கும். எட்டாவது வெறும் பாறை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரிகனின் மேற்குப் பகுதியில் முதல் நான்கு வகுப்பு மண் இருந்தால் அது விளைநிலம். மழை குறைந்த கிழக்குப் பகுதியில் முதல் ஆறு வகுப்புகள். உடையவர் இப்போது பயிர் செய்கிறாரா, தரிசாகப் போட்டிருக்கிறாரா என்பது பெரிய கேள்வி அல்ல. நிலத்தைச் சில ஆண்டுகள் தரிசு போட்டுவிட்டு 'இது விளைநிலமே அல்ல' என்று மனையாக்கும் தந்திரம் அங்கு பலிக்காது.

வரப்புக்கு வெளியே இருப்பவருக்கு

எல்லைக்கு வெளியே விவசாய மண்டலத்தில் நிலம் வைத்திருப்பவர் அதை இஷ்டப்படி துண்டு போட முடியாது. 1993ல் வந்த சட்டப்படி சாகுபடி நிலத்தில் புதிய துண்டு 80 ஏக்கருக்குக் குறையக்கூடாது. மேய்ச்சல் நிலத்தில் 160 ஏக்கர். புதிதாகப் பண்ணை வீடு கட்டுவதற்கும் பரீட்சை உண்டு. உயர்ந்த ரக மண்ணாக இருந்தால், அந்த நிலத்தில் ஆண்டுக்கு 80,000 டாலர் மொத்த விற்பனை நடந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். பெயருக்கு நாலு ஆடு கட்டிவிட்டுப் பங்களா கட்டுகிறவரைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

கட்டுப்பாட்டுக்குப் பதிலாக மூன்று சலுகைகள் கிடைக்கின்றன. முதலாவது வரி. நிலம் மனையாக என்ன விலை போகும் என்று பாராமல், பயிர் செய்தால் என்ன வரும் என்பதைக் கணக்கிட்டே வரி போடுகிறார்கள். விவசாயத்தை விட்டு வேறு உபயோகத்துக்கு மாற்றினால், தள்ளுபடியான வரியைப் பின்தேதியிட்டுக் கட்ட நேரும். இரண்டாவது, வழக்குப் பாதுகாப்பு. முறைப்படி நடக்கும் விவசாயத்தின் சத்தம், தூசி, நாற்றம் ஆகியவற்றுக்காக அக்கம்பக்கத்தார் தொந்தரவு வழக்குப் போட முடியாது.

மூன்றாவது சலுகை சட்டத்தில் எழுதப்படாதது, ஆனால் பெரியது. பக்கத்து நிலமும் பண்ணையாகவே இருக்கும் என்ற நம்பிக்கை. ஹேசல் மரம் வைத்தால் நல்ல காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பிறகு பல பத்தாண்டுகள் பலன் தரும். சுற்றிலும் மனைக்கல் நடப்போகிறார்கள் என்று தெரிந்தால் யார் மரம் வைப்பார்கள்? விதை சுத்திகரிப்பவர், டிராக்டர் பழுது பார்ப்பவர், பழம் வாங்கும் ஆலைக்காரர் எல்லோருக்கும் குறிப்பிட்ட அளவு சாகுபடிப் பரப்பு இருந்தால்தான் தொழில் ஓடும். பரப்பு சுருங்கினால் மிச்சம் இருக்கும் பண்ணைக்கும் ஆள் அம்பு கிடைக்காது.

கவுன்சிலரின் மேஜை

போர்ட்லண்ட் ஒரே நகரம் அல்ல. மூன்று மாவட்டங்களில் பரவிய 24 நகரங்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒவ்வொன்றும் தனி எல்லை போட்டால் குழப்பம். ஆகவே 1978ல் ஜனங்கள் வாக்களித்து, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பிராந்திய சபையை ஏற்படுத்தினார்கள். அதற்கு மெட்ரோ என்று பெயர். 1979ல் அதன் நேரடித் தேர்தலில் வந்த முதல் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். அமெரிக்காவில் இப்படி ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பிராந்திய சபை இது ஒன்றே. இப்போது ஆறு தொகுதிகளுக்கு ஆறு கவுன்சிலர்கள், பிராந்தியம் முழுவதற்கும் ஒரு தலைவர். கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல்.

இவர்கள் பஸ், ரயில் ஓட்டுவதில்லை. அதற்கு டிரைமெட் என்ற தனி நிறுவனம் 1969 முதல் இருக்கிறது. ஆனால் எந்தத் திசையில் ரயில் போடலாம், மத்திய அரசாங்கப் பணத்தில் எந்தச் சாலைக்கு எவ்வளவு என்ற பிராந்தியத் திட்டம் மெட்ரோவின் கையில் இருக்கிறது. எல்லைக்கோட்டை நகர்த்தும் அதிகாரமும் அதே கையில். குப்பை அகற்றுவது, மிருகக்காட்சிசாலை, பூங்காக்கள் ஆகியவையும் இவர்கள் பொறுப்பே. குப்பையையும் யானையையும் கவனித்துவிட்டு, மறுநாள் காலையில் ஐம்பது ஆண்டுகளுக்கான விளைநிலத்தைப் பற்றி வாக்களிக்க வேண்டிய பதவி இது.

கோடு நிரந்தரமல்ல. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு வேண்டிய வீட்டு நிலம் எல்லைக்குள் இருக்கிறதா என்று மெட்ரோ குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும். இப்போது அது ஆறு ஆண்டுக்கு ஒருமுறை. போதாது என்றால் கோடு வெளியே நகரும். இதுவரை ஏறத்தாழ மூன்று டஜன் தடவை நகர்ந்திருக்கிறது. பெரும்பாலும் சிறு துண்டுகள். 1980ல் இந்த மூன்று மாவட்டங்களின் ஜனத்தொகை சுமார் பத்தரை லட்சம். 2020ல் பதினெட்டு லட்சத்துக்கு மேல். ஜனத்தொகை முக்கால் பங்கு கூடியது. கோட்டுக்குள் இருக்கும் நிலமோ ஏழில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கூடியது.

வயல் வழியே ஒரு சாலை

வெறும் கோடு போட்டதால் மட்டும் இது நடந்துவிடவில்லை. உள்ளே இத்தனை பேர் வாழ வேண்டுமானால் எல்லோரும் காரில் போக முடியாது. இங்கேதான் போக்குவரத்து வந்து சேர்கிறது.

1974ல் போர்ட்லண்ட் நகர சபை ஒரு துணிச்சலான முடிவு எடுத்தது. நகரின் தென்கிழக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை இடித்துக் கட்டவிருந்த மவுண்ட் ஹுட் நெடுஞ்சாலையைக் கைவிட்டது. நெடுஞ்சாலைக்கு ஒதுக்கிய மத்திய அரசுப் பணத்தை வேறு போக்குவரத்து வேலைகளுக்குத் திருப்பிக்கொள்ள 1973ல் வந்த சட்டம் இடம் கொடுத்திருந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி கிழக்கே கிரெஷம் நகர் வரை போகும் 15 மைல் இலகு ரயில் பாதைக்குப் பயன்பட்டது. 1986 செப்டம்பரில் ரயில் ஓடத் தொடங்கியது. மேக்ஸ் என்று பெயர்.

விவசாயிகளுக்கு இன்னும் முக்கியமானது மேற்குப் பக்கத்துக் கதை. வாஷிங்டன் மாவட்டத்தில், நகர எல்லைக்கு வெளியே பண்ணைகளின் ஊடாக ஒரு பெரிய சுற்றுச்சாலை போட வேண்டும் என்று 1980களில் யோசனை எழுந்தது. போக்குவரத்து நெரிசல் தீரும் என்றார்கள். ஆனால் பண்ணைகளுக்கு நடுவே நாலு வழிச் சாலை வந்தால், ஒவ்வொரு சாலைச் சந்திப்பிலும் பெட்ரோல் பங்க் வரும், கிடங்கு வரும், வீடு வரும். கோடு காகிதத்தில் மட்டும் மிஞ்சும் என்று உள்ளூர் விவசாயிகளும் குடியிருப்போரும் எதிர்த்தார்கள்.

எதிர்ப்போடு நிறுத்தாமல், 'ஒரிகனின் ஆயிரம் நண்பர்கள்' என்ற தொண்டு அமைப்பு ஒரு காரியம் செய்தது. 1975ல் மக்கால் ஆதரவோடு ஏற்பட்ட அமைப்பு இது. நிபுணர்களை வைத்து ஒரு மாற்றுத் திட்டத்தைத் தயாரித்தது. புதிய வீடுகளையும் வேலையிடங்களையும் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அமைத்தால் எத்தனை கார் குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. அதுவரை சாலை இலாகாக்காரர்கள், 'ஜனங்கள் எங்கு குடியேறுவார்கள் என்பது முன்பே தீர்மானமான விஷயம். அவர்களுக்குச் சாலை போடுவது எங்கள் வேலை' என்ற முறையில் கணக்குப் போட்டு வந்தார்கள். சாலை போடும் இடத்தைத் தேடித்தான் குடியிருப்பு போகிறது என்பதை இந்த ஆய்வு எடுத்துச் சொன்னது. சுற்றுச்சாலை கைவிடப்பட்டது. 1995ல் மெட்ரோ ஏற்றுக்கொண்ட 2040ஆம் ஆண்டு வரைக்குமான வளர்ச்சித் திட்டத்திலும் இதே எண்ணம் இடம் பெற்றது.

மேற்கே ரயில் 1998ல் ஹில்ஸ்பரோ வரை வந்தது. வழியில் ஒரென்கோ என்று ஒரு நிலையம். 'ஒரிகன் நர்சரி கம்பெனி' என்பதன் சுருக்கம் அந்தப் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழமரக் கன்று வளர்த்த கம்பெனியின் ஊர் அது. எல்லைக்கு உள்ளே காலியாகக் கிடந்த அந்த இடத்தில், ரயில் நிலையத்தை ஒட்டிக் கடைத்தெருவும் நெருக்கமான வீடுகளும் எழுந்தன. நாற்றங்கால் இருந்த இடம் ஊராயிற்றே என்று வருந்தலாம். ஆனால் அந்த வீடுகள் அங்கு நெருக்கி அமையாதிருந்தால், கோட்டைத் தாண்டி அவற்றைப்போலப் பல மடங்கு நிலத்தைத் தின்றிருக்கும்.

லிபர்ட்டியின் வாதம்

இந்த எண்ணத்தைக் கவுன்சிலுக்குள்ளே கொண்டு சென்றவர்களில் ராபர்ட் லிபர்ட்டி குறிப்பிடத்தக்கவர். ஆயிரம் நண்பர்கள் அமைப்பில் வழக்கறிஞராகவும், பின்னர் தலைமை நிர்வாகியாகவும் இருந்தவர். 2004 தேர்தலில் மெட்ரோ கவுன்சிலராக வந்து 2011 தொடக்கம் வரை பணியாற்றினார்.

விளைநிலத்தைக் காக்கும் வேலை வயலோரத்தில் நடப்பதில்லை, நகரத்தின் நடுவில் நடக்கிறது என்பதே அவருடைய வாதத்தின் அடிப்படை. கடைத்தெருவுக்கு மேலே மாடி வீடு கட்ட விதி இடம் கொடுக்கிறதா? கார் நிறுத்தும் மைதானத்துக்காக எத்தனை ஏக்கர் வீணாகிறது? கூலிவேலைக்காரர் குடும்பம் வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்க முடிகிறதா? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் கோட்டை மட்டும் இறுக்கிப் பிடித்தால் கோடு அறுந்துபோகும். ஏழைகளுக்கான வீடுகள் ஒரு மூலையில் குவியாமல் பிராந்தியம் முழுவதும் பரவலாக அமைய வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீரும் என்பதை அவர் ஏற்கவில்லை. அகலமான சாலை மேலும் தூரத்தில் வீடு கட்டத் தூண்டும், கொஞ்ச காலத்தில் அதுவும் நிரம்பும் என்பது அவர் அபிப்பிராயம். கொலம்பியா நதியின் மேல் 1917லும் 1958லும் கட்டிய இரட்டைப் பாலங்களுக்குப் பதிலாகப் பல நூறு கோடி டாலரில் பெரிய பாலம் கட்டும் திட்டம் அவர் காலத்தில் வந்தது. அவர் அதைக் கடுமையாக விமர்சித்தார். மெட்ரோ சபை முழுவதும் அவர் பக்கம் நிற்கவில்லை. ரயில் பாதையோடு கூடிய பாலம் என்பதால் ஆதரித்த கவுன்சிலர்களும் இருந்தார்கள். அக்கரையில் இருப்பது வேறு மாநிலம். மெட்ரோவின் எல்லைக்கோட்டுக்கு அங்கு வேலையில்லை. அக்கரையில் மலிவாக வீடு வாங்கி இக்கரைக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். 2013ல் அக்கரை மாநிலத்தின் செனட் பணம் ஒதுக்காததால் அந்தத் திட்டம் நின்றது. பின்னர் வேறு பெயரில் மீண்டும் எழுந்திருக்கிறது.

கிராமச் சாலைகளிலும் இந்தத் தொல்லை உண்டு. நெடுஞ்சாலை நெரிசலைத் தவிர்க்க நினைக்கும் கார்க்காரர்கள் பண்ணைச் சாலைகளில் புகுந்து விரைகிறார்கள். அறுவடை இயந்திரத்தை ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு ஓட்டிச் செல்வது பண்ணைக்காரருக்கு உயிர் பயமாக இருக்கிறது. கோடு வீட்டைத் தடுக்கும், காரைத் தடுக்காது.

நல்ல மண்ணா, மேட்டு நிலமா?

கோட்டை நகர்த்தும்போது முதலில் மட்டமான நிலத்தையும், ஏற்கெனவே துண்டுபட்டுப்போன நிலத்தையும் சேர்க்க வேண்டும். நல்ல விளைநிலத்தைக் கடைசியில்தான் தொடலாம் என்பது சட்டம். கேட்கச் சரியாக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆயிற்று என்பதற்கு டமாஸ்கஸ் உதாரணம்.

2002ல் மெட்ரோ சுமார் 18 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எல்லைக்குள் சேர்த்தது. அதில் பெரும்பகுதி கிழக்கே டமாஸ்கஸ் பகுதியின் மேடு பள்ளமான நிலம். விளைநிலத்தை விட்டுவைக்கவே அதைத் தேர்ந்தார்கள். மேட்டில் சாலை போடவும், தண்ணீர்க் குழாய், சாக்கடை இழுக்கவும் ஏராளமான பணம் வேண்டும், பணம் இல்லை. ரயிலும் அங்கு போகவில்லை. 2004ல் அங்கிருந்தவர்கள் சேர்ந்து நகரமாக அறிவித்துக்கொண்டார்கள். பிறகு எந்தத் திட்டத்துக்கும் சம்மதம் கிடைக்காமல் தங்களுக்குள் சண்டையிட்டு, 2016ல் நகரமே வேண்டாம் என்று வாக்களித்தார்கள். காகிதத்தில் சேர்த்த நிலத்தில் வீடுகள் பெரிதாக எழவில்லை. வீடு தேவை என்ற நெருக்கடியோ மேற்கில், வேலை இருக்கும் ஹில்ஸ்பரோ பக்கம் இருந்தது. அங்கு மண் மிக நல்ல மண்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 2010ல் வேறு வழி கண்டார்கள். மூன்று மாவட்டங்களும் மெட்ரோவும் உட்கார்ந்து பேசி, அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு எந்த நிலம் நகரத்துக்கு, எந்த நிலம் விவசாயத்துக்கு என்று முன்கூட்டியே பிரித்தார்கள். சுமார் 2 லட்சத்து 66 ஆயிரம் ஏக்கர் கிராமப்புற ஒதுக்கீடு. சுமார் 28 ஆயிரம் ஏக்கர் நகர்ப்புற ஒதுக்கீடு. அதிலும் வாஷிங்டன் மாவட்டம் விளைநிலத்தை எடைபோட்ட முறை சரியல்ல என்று வழக்குப் போயிற்று. 2014ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆட்சேபத்தை ஏற்றது. உடனே சட்டசபை தலையிட்டு, இரு தரப்பாருக்கும் கொடுத்து வாங்கி, வாஷிங்டன் மாவட்டத்துக்கான எல்லையைச் சட்டமாகவே நிர்ணயித்தது. ஐம்பது ஆண்டு உத்தரவாதம் கிடைத்த பண்ணைக்காரர் மரம் வைக்கலாம், வடிகால் வெட்டலாம். நகர்ப்புற ஒதுக்கீட்டில் விழுந்தவர் எந்த ஆண்டு கோடு வரும் என்று காத்திருக்கிறார்.

நஷ்டம் யாருக்கு?

கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஏக்கருக்கு ஒரு விலை, அந்தப் பக்கம் அதில் சிறு பங்கு. இரண்டும் ஒரே மண்ணாக இருக்கலாம். வயதான காலத்தில் நிலத்தை விற்றுப் பிழைக்கலாம் என்று இருந்தவருக்கு இது அநியாயமாகத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. 1976, 1978, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சட்டத்தை ரத்து செய்ய அல்லது பலவீனப்படுத்த வாக்கெடுப்பு நடந்தது, மூன்றும் தோற்றன. 1982ல் புற்றுநோயால் மரணத்தை எதிர்நோக்கியிருந்த மக்கால் ஊர் ஊராகச் சென்று சட்டத்துக்காகப் பேசினார். 1983 ஜனவரியில் காலமானார்.

பிறகு வந்த ஒரு தாக்குதல் பலித்தது. கட்டுப்பாட்டினால் நிலத்தின் மதிப்பு குறைந்தால் நஷ்டஈடு கொடு, இல்லையேல் கட்டுப்பாட்டை விலக்கு என்ற தீர்மானம் 2004ல் 61 சதவீத வாக்குப் பெற்று நிறைவேறியது. ஆயிரக்கணக்கான மனுக்கள் குவிந்தன. நஷ்டஈடு கொடுக்கப் பணம் இல்லாததால் விதிவிலக்குகள் வழங்கப்பட்டன. ஏதோ ஒரு பாட்டி தன் நிலத்தில் பிள்ளைக்கு ஒரு வீடு கட்டுவதற்காக என்று வாக்களித்தவர்கள், பெரிய மனைப்பிரிவுகளுக்கான மனுக்களைக் கண்டு திகைத்தார்கள். 2007ல் மறுபடியும் வாக்கெடுப்பு. பெரும்பாலோருக்கு மூன்று வீடு வரை அனுமதி, பெரிய மனைப்பிரிவுக்குத் தடை என்ற சமரசம் 62 சதவீதத்தினர் ஆதரவுடன் வந்தது. இந்தச் சமரசத்தைச் சட்டசபையில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பிரதிநிதி கிரெக் மக்பெர்சன். பால் பண்ணைக்காரர் ஹெக்டரின் மகன்.

நகரத்துக்குள்ளும் கஷ்டப்பட்டவர்கள் உண்டு. வீட்டு விலையும் வாடகையும் ஏறின. இதற்குக் கோடுதான் காரணம் என்று ஒரு சாரார்; கோடே இல்லாத மேற்குக்கரை நகரங்களிலும் ஏறியிருக்கிறதே என்று இன்னொரு சாரார். வாடகை ஏற்றத்தில் முதலில் இடம்பெயர்ந்தவர்கள் அல்பினா பகுதிக் கறுப்பினக் குடும்பங்கள். அவர்கள் 1950, 60களில் விளையாட்டரங்கத்துக்கும் நெடுஞ்சாலைக்கும், பிறகு மருத்துவமனை விஸ்தரிப்புக்கும் வீடுகளை இழந்தவர்கள். வயலைக் காப்பாற்ற நகரத்தை நெருக்கும்போது, நெருக்குண்டு வெளியே தள்ளப்படுகிறவர் யார் என்று கவுன்சிலர்கள் முன்கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தது தாமதமாகத்தான். ஒரு மனையில் ஒரே வீடு என்ற விதியைத் தளர்த்தி, இரண்டு முதல் நாலு குடித்தனம் வரை கட்ட இடம் கொடுத்த மாநிலச் சட்டம் 2019ல்தான் வந்தது. அடுத்த ரயில் பாதைக்கும் வேறு போக்குவரத்து வேலைகளுக்கும் பணம் திரட்ட மெட்ரோ கொண்டுவந்த வரியை 2020 நவம்பரில் வாக்காளர்கள் நிராகரித்துவிட்டார்கள்.

சிப் ஆலையும் ஷெர்வுட்டும்

கோட்டுக்கு வந்த அண்மைச் சோதனை கம்ப்யூட்டர் சிப் ஆலைகளால் வந்தது. அத்தொழிலுக்கு இடம் வேண்டும் என்று, மெட்ரோவைக் கேளாமலே குறிப்பிட்ட நிலத்தை எல்லைக்குள் சேர்க்கக் கவர்னருக்கு 2023ல் சட்டசபை அதிகாரம் கொடுத்தது. 2024 கடைசியோடு முடியும் அதிகாரம். ஹில்ஸ்பரோவுக்கு வடக்கே அரைச் சதுர மைலுக்கு மேற்பட்ட நிலம் குறி வைக்கப்பட்டது. கிராமப்புற ஒதுக்கீட்டில் இருந்த நிலம் அது. அதாவது ஐம்பது ஆண்டுக்குத் தொடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த நிலம். பண்ணைக்காரர்கள் பொதுக்கூட்டத்துக்கு வந்து ஆட்சேபித்தார்கள். நிலம் சேர்க்கப்படாமலே அந்த அதிகாரம் காலாவதியாயிற்று.

அதே 2024 டிசம்பரில் மெட்ரோ கவுன்சில் தென்மேற்கே ஷெர்வுட் நகரத்தை ஒட்டிச் சுமார் 1,300 ஏக்கரை எல்லைக்குள் சேர்த்தது. அது 2010லேயே நகர்ப்புற ஒதுக்கீடாகக் குறிக்கப்பட்டிருந்த நிலம். ஆகவே அங்கு நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னறிவிப்பு இருந்தது. அங்கே வீடு, தொழிற்சாலை எவ்வளவு நெருக்கமாக அமைய வேண்டும் என்ற நிபந்தனைகளையும் கவுன்சில் சேர்த்தே விதித்திருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பு ஆறு ஆண்டுகளுக்குள் வரவேண்டும்.